முத்திரைப் பலகையின் நான்காவது எழுத்து

மரக்காணம்
17.7.2005, ஞாயிற்றுக்கிழமை

பேரன்புள்ள திருமுருகன் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் அமுதவல்லி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், ஆடுகள் இரண்டு, எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்றும், பாப்பாவுக்கு இந்நேரம் இரண்டு பல்லாவது முளைத்திருக்கும் என்றும் நம்புகிறேன். மாமா, இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒரு சொல்லையும் கூட்ட மாட்டேன். எனக்கு வெட்கமான இடம் ஒன்று வருகிறது, அதையும் விட மாட்டேன். ஏனென்றால் வியாழக்கிழமை அம்மா டெலிபோன் பூத்திலிருந்து உங்களிடம் பேசியது ஒரு நிமிடம், அதில் முக்கால் நிமிடம் அழுகை. மிச்சக் கால் நிமிடத்தில் உங்களுக்குக் கிடைத்த செய்தி அப்பாவைக் காவல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதுதான். அதைக் கேட்டு நீங்கள், 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்து உப்பள முதலாளியை ஒரு கை பார்க்கப்போவதாகச் சொன்னீர்களாம். வருகிறவர் முழு விஷயமும் தெரிந்து வருவது நல்லது.

விஷயம் நீங்கள் கொடுத்த ஆங்கில அகராதியில் தொடங்குகிறது. உங்கள் பிரஸ்ஸில் அட்டை கிழிந்தது என்று கழித்துப்போட்டார்களே, அதேதான். அதில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் சதுர அடைப்புக்குள் அந்தச் சொல்லின் பூர்வீகம் இருக்கிறது என்பதை நான் ஜூன் மாதம்தான் கவனித்தேன், கவனித்த நாளிலிருந்து பாட்டுப் புத்தகம் படிப்பதுபோல அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்பு ஆங்கில டீச்சர் அந்தோணியம்மாள், இலக்கிய மன்றத்தில் யாராவது பேச வேண்டும் என்றதும் நான் கையைத் தூக்கி, பேசாத எழுத்துகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஆங்கிலச் சொற்களில் எழுதும்போது நின்று, வாயில் வரும்போது காணாமல் போகிற எழுத்துகள் உண்டல்லவா, அவற்றைப் பற்றி. எல்லோரும் அவற்றை மார்க் குறைப்பதற்காக வைத்த பொறி என்று நினைக்கிறார்கள். அது தவறு. நைஃப் என்னும் கத்திக்கு முன்னால் நிற்கிற கே ஒரு காலத்தில் வாய்விட்டுச் சத்தம் போட்ட எழுத்து, க்நைஃப் என்பதுபோலத்தான் அந்தக் கால ஆட்கள் சொன்னார்கள். பிறகு நாக்குக்குச் சோம்பல் வந்துவிட்டது, கைக்கு வரவில்லை. நைட் என்னும் இரவுக்கு நடுவில் இருக்கிற ஜியும் எச்சும் சேர்ந்து தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் கொடுத்தன, அதுவும் போயிற்று. டவுட் என்னும் சந்தேகத்தில் இருக்கிற பி மட்டும் வேறு ஜாதி. அது ஒருநாளும் ஆங்கிலத்தில் பேசியதே இல்லை. படித்தவர்கள் சிலர், லத்தீனில் இந்தச் சொல்லுக்குப் பி உண்டு, நமக்கும் இருந்தால் மரியாதை என்று கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். தீவைக் குறிக்கும் ஐலண்டில் இருக்கிற எஸ் அதைவிட மோசம், வேறு ஒரு சொல்லின் சொந்தக்காரன் என்று தப்பாக நினைத்து உள்ளே விட்ட ஆள். கோஸ்ட் என்னும் பேயில் எச் வந்தது அச்சுக்கோப்பவர்களால் என்று டீச்சர் சொன்னார். கடல் தாண்டிப் போய்த் தொழில் கற்றவர்கள் அந்த ஊர் வழக்கத்தைக் கையோடு கொண்டுவந்து சேர்த்துவிட்டார்களாம். நீங்களும் அச்சுக்கோத்தவர் என்பதால் இதை மன்றத்தில் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

பேச்சை வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். கேட்டவள் அம்மா, நெத்திலி ஆய்ந்துகொண்டே. முன்பாதியைக் கேட்டுவிட்டு, "சத்தமே போடாததுக்கு எதுக்குடி எடம்? வேல செய்யாத ஆள நம்ம முதலாளி ஒரு நாள் வெச்சிருப்பாரா?" என்றாள். நான் அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக உள்ளூர் உதாரணம் ஒன்று சொன்னேன். மாமா, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். எங்கள் முதலாளி பக்தவச்சலம் அளத்தில், அன்றன்று வாரிய உப்பைக் குவியலாகச் சேர்த்து, ஈரம் காய்வதற்குள் அதன்மேல் முத்திரைப் பலகையை வைத்து அடிப்பார்கள் அல்லவா. பலகையில் புடைத்து நிற்கிற ஆங்கில எழுத்துகள் உப்பில் பள்ளமாகப் பதியும், விடிந்ததும் எழுத்துகள் முழுசாக இருந்தால் யாரும் உப்பில் கை வைக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பலகையில் நான்கு எழுத்து. ஆர், பி, எஸ் மூன்றும் முதலாளியின் தாத்தா பெயர். நான்காவதாக ஓர் எச் இருக்கிறது, அது யார் பெயரும் இல்லை. பலகை நீளமாக இருந்ததாம், மிச்ச இடத்தை வெறுமனே விடத் தச்சருக்கு மனம் வரவில்லையாம். அச்சில் விழுகிற எழுத்தை இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும், எச்சை எப்படி மாற்றினாலும் எச்சாகவே இருக்கும், தப்பு வராது என்று அதைச் செதுக்கிவிட்டார் என்று முதலாளியே எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் சொன்னார். "நம்ம முத்திரையிலயே கடைசி எழுத்து சும்மாதாம்மா நிக்குது. மத்த மூணுக்கும்தான் வேல" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையாட்டினாள். அப்போது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். பேசாத எழுத்தை ஏன் எடுத்துவிடக் கூடாது, அது எப்படிச் சொல்லின் பூர்வீகத்தைக் காவல் காக்கிறது என்று நான் எழுதியிருந்த பின்பாதிதான் பேச்சிலேயே சிறந்த பகுதி. அதை ஆடுகள் மட்டுமே கேட்டன.

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை பேசினேன், முதல் பரிசு எனக்குத்தான். பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. தெருவில் அதைப் பார்க்காதவர் இல்லை, ஏனென்றால் அம்மா அதைக் கழுவிக் கழுவி வாசலிலேயே காயவைத்தாள். சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. வெயிலில் நின்று ஒத்திகை பார்த்ததால் வந்தது என்பது என் கருத்து. அம்மாவின் கருத்து வேறு என்று பிறகு தெரிந்தது. ஞாயிறு பொழுது சாயும் நேரத்தில் நான் போர்த்திப் படுத்திருந்தபோது அடுப்படியில் பட்பட்டென்று ஏதோ வெடித்தது. அம்மா தாளிக்கிறாள் என்று நினைத்தேன். அன்று எனக்குக் கிடைத்தது வெறும் கஞ்சி. கஞ்சிக்கு யார் தாளிப்பார்கள் என்று யோசித்திருக்க வேண்டும், காய்ச்சலில் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில், பெரிய வாய்க்கால் ஓரத்துக் குவியலில் எச்சைக் காணோம். ஆர், பி, எஸ் பளிச்சென்று இருக்கின்றன, நான்காவது எழுத்து இருந்த இடம் வழவழவென்று இருக்கிறது. கணக்குப் பார்க்கிற ஜான்சன் அண்ணன் முதலாளியிடம், விடியக்காலையில் அப்பா அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். முதலாளி வந்து, "ஏம்பா அரசப்பா, பதினாறு வருஷமா பலகைய உன்கிட்டதான் குடுத்து வெச்சிருக்கேன். யாரு கை வெச்சது?" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "தெரியலங்க" என்றாராம். "நீ தடவி விட்டியாமே?" "ஆமாங்க." "எதுக்கு?" அதற்கு அப்பா வானத்தைப் பார்த்தாராம். சனிக்கிழமைக்குள் சொல், இல்லாவிட்டால் பலகை உனக்கு இல்லை என்று முதலாளி அதை வாங்கிக் குப்புசாமி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அப்பாவை வாய்க்கால் சேறு அள்ள அனுப்பிவிட்டார்.

உங்களுக்கே தெரியும், அப்பா அந்தப் பலகையைத் தினமும் நல்ல தண்ணீரில் கழுவி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, வாசல் உள்பக்கம் ஆணியில் மாட்டுவார். குடிக்கிற தண்ணீரை இப்படி ஊற்றுகிறாரே என்று அம்மா சண்டை போடுவாள். இன்னொன்றும் தெரிந்திருக்கும், எங்கள் தெருவில் கல்லுப்பு இல்லாத ஒரே வீடு எங்கள் வீடு. காவல்காரன் வீட்டில் கல்லுப்பைப் பார்த்தால் ஊர் ஒரு மாதிரி பேசும் என்று அப்பா ஒரு கல்லைக்கூட உள்ளே விட மாட்டார், வேட்டி மடிப்பை வாசலிலேயே உதறிவிட்டு வருவார். நாங்கள் சாப்பிடுவது கடையில் விற்கிற பாக்கெட் தூள் உப்பு. அப்படிப்பட்டவரை அளத்தில், "என்ன அரசப்பா, எழுத்தத் தின்னுட்டியா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு நாள் சேறு அள்ளினார். ஆணி வெறும் ஆணியாக இருந்தது. அம்மா அதைப் பார்ப்பதும் அழுவதுமாக இருந்தாள், சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்காக அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.

காய்ச்சல் விட்டதும் நான் துப்புத் துலக்கினேன். என் முறை இது. உப்புத் திருடுகிறவன் இருட்டில் கை போன இடத்தில் அள்ளுவான். இவனோ வேலை செய்கிற மூன்று எழுத்தை விட்டுவிட்டு, வேலை செய்யாத ஒன்றில் மட்டும் கை வைத்திருக்கிறான். ஆகவே இவனுக்கு ஆங்கிலம் தெரியும். அளத்தில் ஆங்கிலம் தெரிந்திருக்கக் கூடியவர் கணக்குப் பார்க்கிற ஜான்சன் அண்ணன் ஒருவர்தான். மேலும் ஜான் என்ற பெயருக்குள்ளேயே இதே எச் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது, எங்கோ எபிரேயத்தில் புறப்பட்டு, லத்தீன் வழியாக வந்து, ஆங்கிலத்தில் வாயை மூடிக்கொண்டது. ஆக, எச் பேசாது என்று அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அப்பா மேல் பழி சொன்னவரும் அவரே. எனக்கு டவுட் இல்லை, அந்தச் சொல்லில் இருக்கிற பி அளவுக்குக்கூட இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "வுடு பாப்பா, அவன் பொய் சொல்றவன் இல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நேற்று சனிக்கிழமை. வேலை முடிந்து எல்லோரும் ஷெட்டில் இருந்தார்கள், சுனாமிக்குப் பிறகு யாரோ கொடுத்த நீலத் தார்ப்பாய்தான் இப்போது அதற்குக் கூரை. நான் அகராதியோடு போய் முதலாளி முன்னால் நின்றேன். "ஐயா, ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?" என்றேன். "பேசும்மா, பிரைசு வாங்கின பொண்ணாச்சே" என்றார். ஆறு நிமிடம் பேசினேன். கத்தி, இரவு, தீவு, பேய் எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் ஜான்சன் அண்ணனை நோக்கிக் கையை நீட்டினேன்.

ஜான்சன் அண்ணன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "ஏ பாப்பா, நான் இங்கிலீஷ் பரிச்சைக்குப் பயந்துதான் எட்டாவதோட ஸ்கூலுக்கே கும்புடு போட்டவன். கையெழுத்தும் தமிழ்லதான். அது எச்சா? நான் இத்தினி நாளா அத ஏணின்னு நெனச்சிருந்தேன்."

"ஏணி எதுக்குண்ணே முத்திரையில?"

"எனக்கென்ன தெரியும், முதலாளி மேல மேல வரணும்னு போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும். நான் விடவில்லை. "அப்ப எங்கப்பா மேல ஏன் சொன்னீங்க?" என்றேன். "பாத்தத சொன்னேம்மா. கேட்டாரு, சொன்னேன். நான் என்ன உங்கப்பன் எதிரியா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. எனக்கு வெட்கமான இடம் இதுதான் மாமா. முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரிம்மா, உன் கணக்குப்படியே வெச்சிக்குவோம். அந்த எழுத்து சும்மா நிக்குதுன்னு தெரிஞ்சவங்கதான் எடுத்திருக்கணும். நீ யாரு யாருகிட்ட சொன்ன?" என்று கேட்டார். உண்மையே பேசுவது என்று இருக்கிறவள் நான். "எங்கம்மாகிட்ட மட்டுந்தாங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

கூட உப்பு வாருகிற பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். "நான்தாங்க எடுத்தேன். ஒரு கை. பொண்ணுக்கு ஜொரம், ஊரு கண்ணு பூரா அவ மேல. சுத்திப் போடறதுக்கு எடுத்தேன்" என்றாள்.

"வீட்ல உப்பு இல்லியா?"

"பாக்கெட் உப்பு இருக்குதுங்க. அது அடுப்புல போட்டா வெடிக்க மாட்டேங்குது. பொழுது சாஞ்சப்புறம் யார் வூட்லயும் போயி உப்பு கேக்கக் கூடாது. எடுத்தத வெளிய சொல்லிட்டா பலிக்காது. அதான் வாயத் தொறக்கல." பிறகு என்னைக் காட்டி, "மூணு எழுத்து வேல செய்யுது, ஒண்ணு சும்மா நிக்குதுன்னு இவதாங்க சொன்னா. சும்மா நிக்கறதுல ஒரு கை எடுத்தா யாருக்கு என்னான்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் கால் மணி நேரம் கழித்து வந்திருந்தால் அம்மா பின்பாதியையும் கேட்டிருப்பாள், இவ்வளவும் நடந்திருக்காது.

முதலாளி அம்மா பக்கம் இரண்டு அடி வந்தார். பிறகு, "வெடிச்சுதா?" என்று கேட்டார்.

"நல்லா வெடிச்சுதுங்க. மறுநாளே ஜொரம் எறங்கிடுச்சு."

"நம்ம உப்பு வெடிக்காம பின்ன?" என்று தனகோடி அக்கா பின்னாலிருந்து சொன்னார். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது, ஆனாலும் அடக்கிக்கொண்டு, "ஏம்மா, என்னைக் கேட்டிருந்தா ஒரு கூடையே குடுத்திருப்பேனே" என்றார். அம்மா நிமிர்ந்து, "காவக்காரன் பொண்டாட்டி வந்து உப்பு கேக்கலாங்களா?" என்றாள். முதலாளி குப்புசாமி அண்ணனைப் பார்த்துக் கை காட்டினார், அவரும் பலகையை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கவில்லை. "கலைச்சது என் வூட்டுக் கைங்க" என்றார். முதலாளி, "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ஈரம் காயுது பாரு, போயி அடி" என்றார். அப்பா போய் அடித்தார். நான்கு எழுத்தும் அழகாக விழுந்தன.

ஆக மாமா, நீங்கள் சண்டைக்கு வர வேண்டிய அவசியம் இல்லை, விருந்துக்கு வாருங்கள். இன்று காலை ஜான்சன் அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "என் பேருக்குள்ளயும் அந்த ஏணி இருக்குதுன்னு சொன்னியே, எங்க, எழுதிக் காட்டு" என்றார். எழுதிக் காட்டினேன், வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பிரஸ்ஸில் பழைய ஈய எழுத்தில் ஓர் எச் கிடந்தால் அவருக்காகக் கொண்டுவாருங்கள். உண்மையைக் கண்டுபிடித்தது உங்கள் அகராதி என்பதில் உங்களுக்குப் பெருமை இருக்கட்டும். ஆள்தான் மாறிப்போனது, முறையில் பிழை இல்லை. அப்பா ஏன் அந்த இடத்தைத் தடவிவிட்டார் என்று கேட்பீர்கள். நாய் மிதித்தது என்று நினைத்திருப்பார், குவியல் சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. அவ்வளவுதான்.

அத்தைக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு என் முத்தங்கள். உங்கள் கை தொட்ட எழுத்தெல்லாம் பிழையில்லாமல் அச்சேற எங்கள் தெரு மாரியம்மன் துணையிருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள
அ. அமுதவல்லி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், உண்மைக்கு இரண்டு சாட்சி இருக்கட்டும் என்று. நாய் மிதித்த இடம் வந்ததும் அப்பா லேசாகச் சிரித்தார். அம்மா விடவில்லை. "ஏங்க, நெசமாவே நாயின்னா நெனச்சீங்க?" என்றாள். "நாய்க்கு சுண்டு வெரலு மடங்காம நீட்டிக்கினா இருக்கும்?" என்றார் அப்பா. அம்மாவின் வலது சுண்டு விரல், அளத்தில் உப்பு இழுக்கிற வாருபலகை அதன்மேல் விழுந்த நாளிலிருந்து மடங்காது என்பது உங்களுக்குத் தெரியுமே. அள்ளிய இடத்தில் அந்த விரல் மட்டும் தனியாகக் கோடு போட்டிருந்ததாம். திங்கட்கிழமை விடியும்போதே அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அதைத்தான் தடவி அழித்திருக்கிறார். "அன்னிக்கே என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" என்று அம்மா கேட்டாள். "கேட்டா பலிக்காதுன்னு நீதான சொல்லுவ. பாப்பாவுக்கு ஜொரம்" என்றார்.

ஆகவே மாமா, மேலே நான் துப்புத் துலக்கியது பற்றி எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, அகராதியும் கண்டுபிடிக்கவில்லை. இதை மாமாவுக்கு எழுதாதே என்கிறார் அப்பா. நடந்தபடியே எழுதுவதாகச் சொல்லித்தானே ஆரம்பித்தேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் எழுந்து சுவிட்சு பக்கம் போகிறார். கடைசி வரி கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.